மெய்நிகர் கணினியின் வன்பொருள் எண் பொருந்தாதபோது: கோப்பைத் திருத்துவதா, புதுக்கூடு அமைப்பதா, மாற்றி எடுப்பதா, ஹோஸ்ட்டை உயர்த்துவதா?

மெய்நிகர் கணினி ஒன்றை, அதாவது மென்பொருளால் அமைந்து வேறொரு கணினிக்குள் இயங்கும் கணினியை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது கோப்புறையை நகலெடுப்பது போன்றதே என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் வேலையைத் தொடங்குகிறோம். நகலெடுத்து முடித்து, இயக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான், இந்தக் கணினியின் வன்பொருள் பதிப்பை, அதாவது வன்பொருள் எண்ணை, என்னால் ஏற்க முடியாது என்று, அதை இயக்க வேண்டிய ஹோஸ்ட் மறுக்கிறது. அண்மையில் மூன்று வாசகர்கள் ஏறத்தாழ ஒரே கேள்வியுடன் எழுதியிருந்தார்கள்.

ஒருவர் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் சிறிய மொத்த வணிக நிறுவனம் நடத்துகிறார். அவருடைய பழைய கணக்கு மென்பொருளை, வெளியாள் ஒருவர் தம் மடிக்கணினியில், விஎம்வேர் நிறுவனத்தின் மேசைக்கணினி மென்பொருளான ஒர்க்ஸ்டேஷன் 17 கொண்டு மெய்நிகர் கணினியாக அமைத்துத் தந்திருக்கிறார். அலுவலகச் சர்வரில் இருப்பதோ அதே நிறுவனத்தின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 6.7. இரண்டாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். வீட்டில் ஒர்க்ஸ்டேஷன் 17.5-இல் செய்த பயிற்சிக் கணினி, கல்லூரிக் கூடத்தில் உள்ள ஒர்க்ஸ்டேஷன் 16-இல் திறக்க மறுக்கிறது. மூன்றாமவர் ஏற்கெனவே பாதி வழியில் நிற்கிறார்: அமைப்புக் கோப்பில் எண்ணைக் குறைத்துவிட்டார், வட்டுக் கோப்பில் குறைக்கவில்லை, இடையில் நான்கு ஸ்னாப்ஷாட்டுகளும் (கணினியின் அந்தந்த நேர நிலையைப் பதிந்துவைத்தவை) இருக்கின்றன.

மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் எந்த விடை யாருக்குப் பொருந்தும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

## எண் இரண்டு இடங்களில் இருக்கிறது

விஎம்வேர் கணினி ஒவ்வொன்றுக்கும் விஎம்எக்ஸ் என்னும் அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு. அதில் ‘வெர்ச்சுவல்எச்டபிள்யூ.வெர்ஷன்’ என்ற வரியில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் அதிகாரபூர்வமானது. இந்தக் கணினிக்கு எந்தெந்தக் கருவிகளைத் தரலாம், எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம் என்பவற்றை ஹோஸ்ட் அதை வைத்தே முடிவு செய்கிறது.

அதே எண்ணின் இன்னொரு பதிவு வட்டுக் கோப்பில், அதாவது விஎம்டிகேயின் விவரிப்புப் பகுதியில், ‘டிடிபி.வெர்ச்சுவல்எச்டபிள்யூவெர்ஷன்’ என்ற வரியில் இருக்கிறது. வட்டின் அளவு, துண்டுகளின் பெயர்கள், வட்டைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரின் வகை, மூல வட்டைச் சுட்டும் அடையாளம் ஆகியவையும் அங்கேயே இருக்கின்றன. அளவு 512 பைட் கொண்ட செக்டர்களில் எழுதப்படும். 41943040 என்று இருந்தால் அது 20 ஜிபி வட்டு.

பல குழப்பங்களைத் தீர்க்கும் ஓர் உண்மையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வட்டில் எழுதப்பட்டிருக்கும் எண் ஒரு குறிப்பு மட்டுமே. உங்கள் விண்டோஸ், உங்கள் கணக்குப் பதிவுகள், உங்கள் பாடக் குறிப்புகள் எவையும் அந்த எண்ணைச் சார்ந்து வட்டில் அடுக்கப்படவில்லை. எண் 20 என்று குறிக்கப்பட்ட வட்டில் இருக்கும் தரவுகளும் 14 என்று குறிக்கப்பட்ட வட்டில் இருக்கும் தரவுகளும் ஒரே விதமாகவே எழுதப்பட்டிருக்கும். ஆகவே எண் பொருந்தவில்லை என்ற செய்தியைக் கண்டதும் தரவு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. தரவு கெடுவது பெரும்பாலும் அந்த அச்சத்தில் நாம் அவசரப்பட்டுச் செய்யும் வேலைகளால்தான்.

வட்டின் எண் கணினியின் எண்ணைவிடக் குறைவாக இருப்பதில் தவறேதும் இல்லை. பழைய வட்டு ஒன்றைப் புதிய கணினியில் சேர்க்கும்போது, வடிவத்தை மாற்றவா, இருப்பதையே வைத்துக்கொள்ளவா என்று ஒர்க்ஸ்டேஷன் கேட்பதும் இதனால்தான். இருப்பதையே வைத்துக்கொண்டாலும் வட்டு இயங்கும். தொல்லை தருவது எதிர்த்திசை: ஹோஸ்ட் அறிந்ததைவிட உயர்ந்த எண்.

## எந்த எண் எங்கே பிறந்தது

| வன்பொருள் எண் | இஎஸ்எக்ஸ்ஐ | ஒர்க்ஸ்டேஷன் |
|---|---|---|
| 10 | 5.5 | 10 |
| 11 | 6.0 | 11 |
| 12 | இல்லை | 12 |
| 13 | 6.5 | இல்லை |
| 14 | 6.7 | 14 |
| 15 | 6.7 அப்டேட் 2 | இல்லை |
| 16 | இல்லை | 15 |
| 17 | 7.0 | இல்லை |
| 18 | 7.0 அப்டேட் 1 | 16 |
| 19 | 7.0 அப்டேட் 2 | 16.2 |
| 20 | 8.0 | 17 |
| 21 | 8.0 அப்டேட் 2 | 17.5 |

ஒரு ஹோஸ்ட் தன் எண்ணையும் அதற்குக் குறைந்த எண்களையும் ஏற்கும், உயர்ந்ததை ஏற்காது. உபி வாசகரின் சர்வர் 14 வரை செல்லும், அப்டேட் 2 நிறுவியிருந்தால் 15 வரை செல்லும். அவரிடம் வந்திருக்கும் கணினியின் எண் 20. மாணவரின் கணினி 21, கூடத்தில் இருப்பது 18 அல்லது 19.

மடிக்கணினியில் செய்து சர்வருக்குக் கொண்டுபோகும் வழக்கம் உள்ளவர்கள் 12-ஐச் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்த எண் ஒர்க்ஸ்டேஷன் போன்ற மேசைக்கணினி மென்பொருளுக்காக மட்டுமே வந்தது, எந்த இஎஸ்எக்ஸ்ஐ பதிப்போடும் வரவில்லை. அக்காலத்தில் இஎஸ்எக்ஸ்ஐ 6.0 நடத்தியவர்கள் ஒரே ஓர் எண் வித்தியாசத்தில் தடுக்கப்பட்டார்கள். ஒர்க்ஸ்டேஷனில் புதுக் கணினி உருவாக்கும்போது விரிவான முறையைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பதிப்புக்கு ஒத்ததாக அமைய வேண்டும் என்று முதலிலேயே கேட்கும். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவதும் முதன்மையானதும், பின்வாங்க முடியுமா என்பது. வழி தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப இயலுமா, மூல வட்டு தொடப்படாமல் இருக்குமா?

அடுத்தது, உள்ளே இருக்கும் இயங்குதளம் என்ன உணரும் என்பது. ஹோஸ்ட்டுக்கு எண் பொருந்திவிட்டாலும், உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தன் தாய்ப்பலகையே மாறிவிட்டது போலத் தோன்றலாம். உரிமச் செயலாக்கம், நிலையான ஐபி முகவரி, வட்டுக் கன்ட்ரோலரின் டிரைவர் ஆகியவை இங்கே சேரும்.

மூன்றாவது, வேலை நிற்கும் நேரமும் வட்டில் வேண்டிய இடமும். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 200 ஜிபி வட்டை ஒருமுறை நகலெடுக்க அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மாற்றி எடுக்கும் வழிகளில் இதே வட்டு இரண்டு மூன்று முறை படித்து எழுதப்படும். பொருள் சேவை வரிப் படிவத்தைக் காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், கணக்குக் கணினியை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் கடைசி வாரத்தில் தொடாதிருப்பது நல்லது.

பணம் நான்காவது. அதை நான்காம் வழியில் மட்டுமே விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

## முதல் வழி: கோப்புகளைக் கையால் திருத்துவது

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இது. கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு, விஎம்எக்ஸ் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து 20 என்பதை 14 ஆக்கி, வட்டின் விவரிப்பிலும் அவ்வாறே மாற்றிச் சேமிப்பது. இரண்டு நிமிட வேலை, கூடுதல் இடம் தேவையில்லை, பிணைய அட்டையின் முகவரியும் கணினியின் அடையாள எண்ணும் மாறுவதில்லை. கணக்கு மென்பொருளின் உரிமம் அந்த அடையாளங்களோடு கட்டப்பட்டிருந்தால் இது பெரிய நன்மைதான்.

ஆனால் விஎம்வேர் தன் வழிகாட்டுதலில் வன்பொருள் எண்ணைக் குறைப்பதற்குச் சொல்லும் வழிகளில் இது இல்லை. உயர்த்துவதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கோ காப்புநகலுக்கோ திரும்புவது, குறைந்த எண்ணில் புதுக் கணினி உருவாக்கி வட்டை இணைப்பது, கன்வெர்ட்டர் என்னும் கருவி மூலம் மாற்றுவது ஆகியவற்றையே அது சொல்கிறது.

காரணம், எண்ணை மாற்றினால் அந்த எண்ணுக்குப் பின் வந்த கருவிகள் மறைந்துவிடுவதில்லை. விஎம்எக்ஸ் கோப்பில் அவற்றின் வரிகள் அப்படியே இருக்கும். என்விஎம்இ என்னும் அதிவேக வட்டுக் கன்ட்ரோலர் இஎஸ்எக்ஸ்ஐயில் 13 முதல்தான் உண்டு. திறவுகோல்களைக் காக்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம்மின் மெய்நிகர் வடிவம் 14 முதல். உயர்ந்த எண்ணில் என்விஎம்இயில் தொங்கும் வட்டோடு பிறந்த கணினியை 11-க்கு இறக்கினால், எண் பொருந்தும், ஆனால் வட்டு தொங்குவதற்குக் கொக்கி இருக்காது. அந்த வட்டை வேறு கன்ட்ரோலரில் மாட்டினால், அதற்கான டிரைவர் தொடக்கத்திலேயே ஏற்றப்படாத விண்டோஸ் 0எக்ஸ்7பி பிழையோடு நீலத்திரையில் நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய இடர் வட்டின் வடிவத்தில் இருக்கிறது. வட்டு பல துண்டுகளாகவோ தனி விவரிப்போடோ இருந்தால், விவரிப்பு சில நூறு எழுத்துகள் கொண்ட தனி உரைக் கோப்பு. அதைத் திறந்து திருத்தலாம். ஒரே கோப்பாக வளரும் வட்டிலோ, விவரிப்பு அந்தப் பெருங்கோப்பின் உள்ளே, தலைப்புச் செக்டரை அடுத்துப் புதைந்திருக்கும். இரண்டுக்கும் கோப்பு நீட்சி ஒன்றே. துணைப்பாட நிலையம் ஒன்றின் வட்டை நான் ஒருமுறை இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உரைத் திருத்தியில் திறந்து சேமித்தேன். திருத்தி தன் வழக்கப்படி வரிமுடிவுக் குறிகளையும் தனக்குப் புரியாத பைட்டுகளையும் மாற்றி எழுதியது. அந்த வட்டு பிறகு திறக்கவே இல்லை. முந்தைய நாள் காப்புநகல் இருந்ததால் ஒரு நாள் வேலை மட்டுமே போயிற்று. அன்றிலிருந்து கோப்பின் அளவைப் பார்க்காமல் எந்த விஎம்டிகேயையும் நான் உரைத் திருத்தியில் திறப்பதில்லை. அளவு சில கேபி என்றால் அது தனி விவரிப்பு. அதைவிடப் பெரியது என்றால் கை வைக்கக் கூடாது. அப்படியும் திருத்தத்தான் வேண்டும் என்றால் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் திருத்தியில், எழுத்துகளின் எண்ணிக்கை மாறாமல், மேலெழுதும் முறையில் மட்டுமே செய்ய வேண்டும். 20-ஐ 14 ஆக்குவதில் நீளம் மாறாது; 10-ஐ 9 ஆக்கினால் மாறிவிடும்.

ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விவரிப்பு உண்டு, அவை ஒன்றையொன்று அடையாள எண்களால் பற்றிக்கொண்டிருக்கும். எண் வரியைத் திருத்துவதால் மட்டும் அந்தச் சங்கிலி அறுவதில்லை. ஆனால் திருத்தியது சரியா என்று சோதிக்க, மூல வட்டை மட்டும் வேறு கணினியில் இணைத்து இயக்கிப் பார்த்தால், அதன் அடையாள எண் மாறி, மேலே உள்ள ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தும் மூலம் மாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

முழுக் குறியாக்கம் செய்யப்பட்ட கணினியில் இந்த வழியே இல்லை. விவரிப்பைப் படிக்கவே முடியாது.

இந்த வழி யாருக்கு ஏற்றது? ஸ்னாப்ஷாட் இல்லாத, தனி விவரிப்புள்ள வட்டு. ஒன்றிரண்டு எண்கள் மட்டுமே இறங்க வேண்டிய நிலை. பழைய எண்ணும் அறிந்த எளிய கருவிகள். கோப்புறையின் முழு நகல் கையில். இந்த நான்கும் சேர்ந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

## இரண்டாம் வழி: குறைந்த எண்ணில் புதுக்கூடு, பழைய வட்டு

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். வட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கைவிட்டு, ஹோஸ்ட் ஏற்கும் எண்ணில் புதிய கணினியை உருவாக்கி, வட்டின் நகலை அதில் இணைப்பது. கருவிகளின் பட்டியலை ஹோஸ்டே புதிதாக எழுதுவதால், தெரியாத கருவியின் வரி எங்கோ ஒளிந்திருக்குமோ என்ற கவலை இல்லை. தவறினால் கூட்டை நீக்கிவிட்டு மீண்டும் அமைக்கலாம். மூலக் கோப்புறை தொடப்படாமல் இருக்கும்.

வட்டின் எண் என்ன ஆகும் என்று கேட்கலாம். நகலைக் கோப்பு நகலாக எடுக்காமல், வட்டு நகலாக எடுத்தால் அந்தக் கேள்வியும் தீர்ந்துவிடும். சர்வரில் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளையும் ஒர்க்ஸ்டேஷனில் விடிஸ்க்மேனேஜர் கட்டளையும் பழைய வட்டைப் படித்துப் புதிய வட்டை எழுதும். புதிய விவரிப்பை அந்தக் கருவியே அமைக்கும். கடைசி ஸ்னாப்ஷாட்டின் விவரிப்பை மூலமாகக் கொடுத்தால், முழுச் சங்கிலியையும் ஒன்றாக்கி ஒரே வட்டாகத் தரும். மடிக்கணினி வட்டைச் சர்வருக்குக் கொண்டுபோகிறவர்கள் எப்படியும் இதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் ஒர்க்ஸ்டேஷனின் வளரும் வட்டு வடிவம் இஎஸ்எக்ஸ்ஐயின் சேமிப்பகத்தில் இயல்பாக இயங்குவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் கூட்டை அமைக்கும்போது வருகின்றன. அவற்றில் மிக அடிக்கடி காண்பது, கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர் பொருந்தாமை; அதில் யுஇஎஃப்ஐ, பயோஸ் என இரு வகை உண்டு. பழைய கணினி யுஇஎஃப்ஐயில் நிறுவப்பட்டிருக்க, புதுக்கூடு பயோஸில் அமைந்துவிட்டால், வட்டில் இயங்குதளமே இல்லை என்ற செய்திதான் வரும். வட்டு அழிந்துவிட்டது என்று நினைத்து மறுநிறுவல் செய்தவர்களை நான் அறிவேன். பழைய விஎம்எக்ஸ் கோப்பில் ஃபர்ம்வேர் என்ற வரியைத் தேடுங்கள். அதில் இஎஃப்ஐ என்று இருந்தால் புதுக்கூட்டிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த வரியே இல்லையென்றால் பயோஸ். அதே கோப்பில் வட்டு எந்தக் கன்ட்ரோலரில் இருந்தது என்பதையும் பார்த்து, இயன்றவரை அதே வகையைக் கொடுங்கள்.

அடுத்தது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டு அதன் திறவுகோல் மெய்நிகர் டிபிஎம்மில் இருந்தால், அந்த டிபிஎம் பழைய கூட்டோடு போய்விடும். புதுக்கூடு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளாமல், அல்லது பழைய கணினியிலேயே பிட்லாக்கரை இடைநிறுத்தாமல், இந்த வழியில் காலடி எடுத்து வைக்கக் கூடாது.

புதுக்கூட்டுக்குப் புதிய அடையாள எண்ணும் புதிய பிணைய முகவரியும் கிடைக்கும். விண்டோஸ் மீண்டும் செயலாக்கம் கேட்கலாம்; நிலையான ஐபி பழைய அட்டையின் பெயரில் மறைந்து நின்று, புதிய அட்டைக்கு அதே முகவரியைக் கொடுக்கும்போது எச்சரிக்கை வரலாம். லினக்ஸில் அட்டையின் பெயரே மாறும்: ஒர்க்ஸ்டேஷனில் இஎன்எஸ்33 என்றிருந்தது சர்வரில் இஎன்எஸ்160 அல்லது இஎன்எஸ்192 ஆகிவிடும், பிணைய அமைப்புக் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். உரிமம் அடையாளத்தோடு கட்டப்பட்ட மென்பொருள் இருந்தால், பழைய விஎம்எக்ஸில் உள்ள பயோஸ் அடையாள எண்ணையும் பிணைய முகவரியையும் புதிய கோப்புக்குக் கொண்டுபோகலாம். ஒரே அடையாளத்தோடு இரண்டு கணினிகள் ஒரே பிணையத்தில் ஒருபோதும் இயங்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: கருவி கொண்டு மாற்றி எடுப்பது

இதில் மூன்று கிளைகள் உண்டு. ஒர்க்ஸ்டேஷன் நிர்வாகப் பட்டியலில் வன்பொருள் ஒத்திசைவை மாற்றும் தெரிவு இருக்கிறது; அது குறைந்த எண்ணுக்கும் இறக்கும், மூலத்தை மாற்றவா, புதிய நகலை உருவாக்கவா என்றும் கேட்கும். எப்போதும் நகலையே தேர்ந்தெடுங்கள். ஏற்காத கருவிகள் இருந்தால் அதுவே சுட்டிக்காட்டுவது இதன் சிறப்பு. உயர்ந்த பதிப்பு ஒர்க்ஸ்டேஷன் கையில் இருக்கும் எவருக்கும், கையால் திருத்துவதைவிட இது எல்லா வகையிலும் மேலானது.

இரண்டாவது கிளை, மெய்நிகர் கணினிகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஓவிஎஃப்புக்கு ஏற்றுமதி. ஓவிஎஃப்டூல் கட்டளையில் அதிகபட்ச வன்பொருள் எண்ணைக் குறிப்பிடத் தனித் தெரிவு உண்டு. கணினியின் அப்போதைய நிலை மட்டுமே ஏற்றுமதியாகும், ஸ்னாப்ஷாட்டுகள் வராது. சிலர் ஏற்றுமதிக்குப் பின் ஓவிஎஃப் கோப்பைத் திறந்து எண்ணைக் கையால் மாற்றுகிறார்கள். அப்படி மாற்றினால் உடன்வரும் எம்எஃப் கோப்பில் உள்ள சரிபார்ப்புக் கூட்டுத்தொகை பொருந்தாமல் இறக்குமதி நின்றுவிடும், அதையும் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, விசென்டர் கன்வெர்ட்டர். இதை 2022 பிப்ரவரியில் பதிவிறக்கத்திலிருந்து நீக்கிய விஎம்வேர், அதே ஆண்டின் அக்டோபரில் 6.3 பதிப்பாக மீண்டும் வெளியிட்டது. இலக்குக் கணினியின் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் உள்ளே இருக்கும் விண்டோஸைப் புதிய கன்ட்ரோலருக்கு ஏற்பத் தயார்செய்யவும் இதால் இயலும். வட்டின் அளவை மாற்ற வேண்டியிருந்தாலோ கன்ட்ரோலர் மாறியே தீர வேண்டியிருந்தாலோ இதுதான் சரியான கருவி. நேரமும் இடமும் இதில்தான் அதிகம் செலவாகும்.

## நான்காம் வழி: ஹோஸ்ட்டை உயர்த்துவது

ஒர்க்ஸ்டேஷன் என்றால் இப்போது பணத் தடை இல்லை. விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 மே மாதம் ஒர்க்ஸ்டேஷன் புரோ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாயிற்று, நவம்பரில் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாயிற்று. சொந்த மடிக்கணினியில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எண்களோடு போராடுவதில் பொருளில்லை. அங்கே நான்காம் வழியே முதல் வழி.

சர்வரின் நிலை வேறு. இஎஸ்எக்ஸ்ஐ 7.0 பழைய லினக்ஸ் வழி டிரைவர்களைக் கைவிட்டதால், பல பழைய ரெய்டு அட்டைகளும் பிணைய அட்டைகளும் அதற்குத் தெரிவதில்லை. 8.0 இன்னும் ஒரு படி மேலே போய், இன்டெலின் பழைய ஸாண்டி பிரிட்ஜ் காலத்துச் செயலிகளை ஏற்பதில்லை. அதனால் மென்பொருளை உயர்த்தும் முடிவு புதிய சர்வர் வாங்கும் முடிவாகிவிடலாம். இலவச இஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ பதிப்போடு மீண்டும் வந்தது. அதில் ஒரு கணினிக்கு 8 மெய்நிகர் செயலிகள் வரையே தரலாம், பல ஹோஸ்ட்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் விசென்டரோடு இணைக்க இயலாது, காப்புநகல் மென்பொருள்கள் நம்பியிருக்கும் இடைமுகமும் பூட்டப்பட்டிருக்கும். சிறு நிறுவனம் இலவசம் என்ற சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுத்தால், காப்புநகல் எடுக்கும் வழியை அறியாமலேயே இழந்துவிடும்.

இருந்தாலும், இஎஸ்எக்ஸ்ஐ 6.7-க்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-இலும் 7.0-க்கானது 2025 அக்டோபர் 2-இலும் முடிந்துவிட்டன. எண் பொருந்தாமை இந்த உண்மையை நினைவூட்டும் மணியாகவும் இருக்கக்கூடும். உள்ளே இருக்கும் இயங்குதளம் டிபிஎம் இல்லாமல் இருக்க முடியாத விண்டோஸ் 11 என்றால், 14-க்குக் குறைந்த எண்ணுக்கு இறங்கும் எந்த வழியும் நேர்வழியாகாது.

ஹோஸ்ட்டை உயர்த்தினால் கணினிகளின் எண்ணையும் உடனே உயர்த்த வேண்டும் என்பதில்லை. பழைய எண் புதிய ஹோஸ்ட்டில் அப்படியே இயங்கும். பேரிடர் மீட்புக்கென்று வேறு கட்டடத்தில் பழைய ஹோஸ்ட் ஒன்று காத்திருந்தால், அந்த ஹோஸ்ட் ஏற்கும் எண்ணைத் தாண்டிப் போகவே கூடாது. தாண்டினால் தேவைப்படும் நாளில் அது திறக்காது.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | கையால் திருத்தல் | புதுக்கூடு | மாற்றி எடுத்தல் | ஹோஸ்ட் உயர்த்தல் |
|---|---|---|---|---|
| பின்வாங்கல் | நகல் இருந்தால் மட்டும் | எளிது | எளிது | கடினம் |
| உள்ளே உணரப்படும் மாற்றம் | குறைவு, ஆனால் கணிக்க இயலாதது | அடையாளமும் பிணையமும் மாறும் | நடுத்தரம் | இல்லை |
| கூடுதல் இடம் | நகலுக்கு மட்டும் | ஒரு வட்டு அளவு | இரு மடங்கு வரை | இல்லை |
| ஸ்னாப்ஷாட் இருந்தால் | தவிர்க்க வேண்டும் | ஒன்றாக்கிய பின் சரி | ஒன்றாகிவிடும் | அப்படியே இருக்கும் |
| பணம் | இல்லை | இல்லை | இல்லை | சர்வரில் மிகுதி |

## மூன்று வாசகர்களுக்கும்

உபி வாசகருக்கு இரண்டாம் வழி. அவருடைய கணினிக்கு டிபிஎம் தேவையில்லை, உள்ளே விண்டோஸ் சர்வர் 2016 இருக்கிறது, வட்டு சர்வர் வடிவத்துக்கு மாறியே ஆக வேண்டும். எண் 14-இல் கூடு அமைத்து, ஃபர்ம்வேரைச் சரிபார்த்து, கணக்கு மென்பொருளின் உரிமத்துக்காகப் பழைய பிணைய முகவரியைக் கொண்டுபோனால் போதும். வணிகப் பதிவுகளை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் கேட்பதால், இந்தப் பழைய மென்பொருள் இன்னும் சில ஆண்டுகள் திறக்கக்கூடியதாக இருந்தாக வேண்டும். அதற்குள் 6.7-இலிருந்து வெளியேறும் திட்டத்தையும் அவர் தொடங்க வேண்டும். குறைந்த எண்ணில் அமைந்த கூடு அந்தப் பயணத்துக்குத் தடையாகாது.

மாணவருக்கு, வீட்டிலேயே ஒர்க்ஸ்டேஷன் 17.5 இருப்பதால், ஒத்திசைவை மாற்றும் தெரிவில் 18-ஐக் குறித்து நகல் எடுப்பதே போதும். அடுத்த பயிற்சிக் கணினியைத் தொடங்கும்போதே 18-இல் தொடங்கினால், ஒவ்வொரு வாரமும் இந்த வேலை வராது.

மூன்றாமவர் முதலில் தாம் திருத்திய விஎம்எக்ஸ் கோப்பைப் பழைய எண்ணுக்கே திருப்பி, அந்த எண்ணை ஏற்கும் ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை நிறுவி, கணினி அங்கே திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கோப்புறையை நகலெடுத்து, நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். மூல வட்டைத் தனியாக எங்கும் இணைக்கக் கூடாது. திறந்தால், உள்ளே சென்று முறையாக நிறுத்தி, கடைசி ஸ்னாப்ஷாட்டின் விவரிப்பை மூலமாகக் கொடுத்து விடிஸ்க்மேனேஜரால் ஒற்றை வட்டாக்கி, புதுக்கூட்டில் இணைக்கலாம். நான்கு ஸ்னாப்ஷாட்டுகளில் இடைப்பட்ட ஒன்றின் நிலை வேண்டும் என்றால், அதன் விவரிப்பைக் கொடுத்துத் தனி வட்டு எடுக்கலாம்.

மூவரும் மூலக் கோப்புறையை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். புதிய கணினி ஒரு முழு மாத வேலையைச் செய்து முடிக்கும்வரை என்பது என் வழக்கம். கணக்குக் கணினிக்கு ஒரு காலாண்டு வரிப் படிவம் தாக்கலாகும்வரை. அதன் பிறகு வைத்திருப்பதற்குக் காரணம் இல்லை. அந்த வட்டில் வாடிக்கையாளர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருக்கும். தேவை முடிந்த தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. வெளியாளின் மடிக்கணினியில் நின்றுவிட்ட முதல் நகலும் இதில் அடங்கும். அதை அழித்துவிட்டதாக அவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.